டேபா, லேப்டாப்பா: செய்து முடித்த வேலை யார் கைக்குப் போகிறது?

2025 மார்ச் தமிழ்நாடு பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் டேப் அல்லது லேப்டாப், அவரவர் விருப்பம்போலத் தரப்படும். முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய். கடைசியில் அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் டெண்டர் விட்டது லேப்டாப்புக்கு. அதற்கு முந்தைய ஆண்டு இதே அரசு தொடக்கக் கல்வித் துறை ஆசிரியர்கள் சுமார் 80 ஆயிரம் பேருக்குக் கொடுத்தது டேப்.

ஒரே அரசு ஏன் ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறது என்று தோன்றலாம். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. ஆசிரியர் டேபை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்? வருகைப் பதிவு போடுகிறார். எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படைக் கல்வித் திட்டப் பிள்ளைகளின் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுகிறார். பாடத்துக்கான வீடியோவை ஓடவிட்டுக் காட்டுகிறார். எல்லாம் துறை எழுதிக்கொடுத்த செயலிக்குள் தொடங்கி அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கல்லூரிப் பிள்ளையின் பாடு வேறு. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை கைடு வேர்டு ஃபைலாகக் கேட்பார், துறைத்தலைவர் பிடிஎஃப்பாகக் கேட்பார், பைண்டிங் கடைக்காரர் பக்க ஓரத்தில் இவ்வளவு இடம் விட்டுக் கொண்டுவா என்பார். நடுவில் ஒரு நிரல் ஓடவேண்டும், ஒரு வரைபடம் சரியான இடத்தில் உட்கார வேண்டும், நாலு பேர் சேர்ந்து செய்த பவர்பாயிண்டில் யாரோ ஒருவர் போட்ட எழுத்துரு திறக்க வேண்டும்.

அதனால் டேப் வாங்கலாமா, லேப்டாப் வாங்கலாமா என்ற கேள்வியோடு வருபவர்களிடம் நான் முதலில் திரை எத்தனை அங்குலம், ரேம் எவ்வளவு என்றெல்லாம் கேட்பதில்லை. செய்து முடித்த வேலையை யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள், அவர் அதை எப்படி வாங்கிக்கொள்வார் என்றுதான் கேட்பேன். பாதிப் பேருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. இன்று கையில் போன் இல்லாதவர் இல்லை. டேப் என்பது, ஐபேடோ ஆண்ட்ராய்டோ, போன் குடும்பத்துப் பிள்ளை. போனில் செய்ய முடிந்ததெல்லாம் டேபில் இன்னும் வசதியாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக நடக்கும். போனில் என்ன முயன்றும் நடக்காத காரியங்களில் பெரும்பாலானவை டேபிலும் நடக்காது. கடந்த சில மாதங்களில் போனில் ஒரு வேலையைத் தொடங்கி, முடியாமல், பக்கத்து பிரவுசிங் சென்டருக்கோ நண்பரின் அலுவலகத்துக்கோ ஓடினீர்களே, அவற்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். எழுத்து சின்னதாக இருந்ததுதான் தொல்லை என்றால் டேப் வாங்கலாம். சாஃப்ட்வேர் இல்லாததுதான் தொல்லை என்றால், பெரிய திரை அந்தத் தொல்லையைப் பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான்.

டேபைக் கம்ப்யூட்டராக்கும் முயற்சி புதிதல்ல. ஐபேட் 2010ல் வந்தது. 2012ல் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பார்க்க விண்டோஸ், கூடவே ஒட்டிக்கொள்ளும் கீபோர்டு, உள்ளே வேர்டும் எக்செலும்கூட உண்டு. ஆனால் விண்டோஸுக்கென்று ஊரெல்லாம் வைத்திருந்த பழைய புரோகிராம் ஒன்றும் அதில் ஓடாது. அடுத்த ஆண்டே விற்காமல் கிடந்த சரக்குக்காக 90 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது கம்பெனி. வடிவத்தில் குறையில்லை, வேகம்கூட ஓரளவு மன்னிக்கத்தக்கதே. மற்றவர்கள் அனுப்புவதை வாங்கிக்கொள்ளவும் மற்றவர்கள் கேட்பதைக் கொடுக்கவும் அதனால் முடியவில்லை.

ஆப்பிள் பொறுமையாக வந்தது. 2015ல் ஐபேட் ப்ரோவும் பென்சிலும். 2019ல் ஐபேடுக்கென்று தனி இயங்குதளம். 2021ல் மேக் கம்ப்யூட்டரில் இருந்த அதே எம்1 சிப்பை ஐபேட் ப்ரோவுக்குள் வைத்தார்கள். 2025ல் வந்த ஐபேட் ஓஎஸ் 26ல் ஜன்னல்களை இஷ்டத்துக்கு இழுத்து, ஒன்றன்மேல் ஒன்று போட்டு, மேலே மெனு பட்டியோடு வேலை செய்யலாம். சாம்சங் 2018லேயே டேப் எஸ்4ல் டெக்ஸ் என்ற டெஸ்க்டாப் முகத்தைக் கொடுத்துவிட்டது. ஆகவே டேபுக்குச் சக்தி போதாது என்ற பழைய பேச்சை இன்று யாராவது பேசினால் நம்பவேண்டாம். இப்போதும் இடிப்பது உள்ளே ஓடக் கிடைக்கும் புரோகிராம்களும், வெளியே இருப்பவர்களின் பழக்கங்களும்தான்.

தமிழில் எழுதிப் பிழைப்பவர்களுக்கு அந்த வெளியார் பழக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வாட்டும். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தட்டச்சு. தமிழ்99 விசைப்பலகை 1999 சென்னை தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தது. இன்று மேக்கில் தமிழ்99, அஞ்சல் ஆகிய தட்டச்சு முறைகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. விண்டோஸிலும் தமிழ்99 உண்டு. பழகியவர்கள் இன்னும் என்எச்எம் ரைட்டரையோ இ-கலப்பையையோதான் போட்டுக்கொள்வார்கள், கை அதற்குப் பழகியிருக்கும். டேபில், திரையில் தோன்றும் விசைப்பலகையில், தமிழ் அடிப்பது அருமையாகவே இருக்கிறது. வாட்ஸாப்பில் தமிழ் பெருகியதே அந்த வழியில்தானே. தொல்லை புளூடூத் கீபோர்டை இணைத்ததும் ஆரம்பிக்கும். திரை விசைப்பலகை மறைந்துவிடும், வெளிக் கீபோர்டு ஆங்கிலத்தில் அடிக்கும், மொழி மாற்றும் விசை எது என்று தேடவேண்டும். ஆண்ட்ராய்டில் இது டேபுக்கு டேப், செயலிக்குச் செயலி வேறுபடுகிறது. ஒரு செயலியில் அழகாக விழும் கொம்பும் காலும் இன்னொன்றில் முன்பின்னாக விழும். கீபோர்டு சேர்த்து வாங்கும் எண்ணமிருந்தால் கடையிலேயே இணைக்கச் சொல்லி, உங்களுக்குப் பழகிய முறையில் ஒரு பத்தி அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கடைப் பையன் ஆங்கிலத்தில் நாலு எழுத்து தட்டிக் காட்டிவிட்டு, "சூப்பரா இருக்கு சார்" என்பான். அவன்மேல் குற்றமில்லை, அவனிடம் யாரும் தமிழ் அடித்துக் காட்டச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

குரல் தட்டச்சு என்றால் கதை தலைகீழ். ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையின் தமிழ்க் குரல் உள்ளீடு நன்றாகவே கேட்டு எழுதுகிறது. பேசி எழுதிப் பிறகு திருத்துவது உங்கள் வழக்கம் என்றால், ஆண்ட்ராய்டு டேப் லேப்டாப்பைவிடச் சுகம். லேப்டாப்பில் இதே வேலைக்குப் பலர் குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து, மைக்கை அழுத்தி, அது பாதியில் நின்றுபோனால் மறுபடி அழுத்துகிறார்கள்.

எழுதிய பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் வழி பிரிகிறது. வலைப்பூவுக்கும் முகநூலுக்கும் எழுதுபவர், இதழுக்கு யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கத்தில், மின்னஞ்சல் செய்பவர், இவர்களுக்கு டேப் முழுக்கப் போதும். அச்சுக்குப் போனால் அப்படியில்லை. சிவகாசி, திருச்சி, சென்னை என்று எங்கு போனாலும் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், உள்ளூர் மலர் அடிக்கும் டிடிபி கடைகளில் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்புப் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2001ல் 7.0 பதிப்பு வந்ததோடு அதன் வளர்ச்சி முடிந்துவிட்டது. அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக் குடும்பங்கள்தான் தெரியும். இலங்கையில் பாமினி என்ற இன்னொரு பழைய எழுத்துரு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஒரு வேர்டு ஃபைலை ஐபேடில் திறந்து பாருங்கள். தமிழுக்குப் பதில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகப் பக்கம் முழுக்கக் கொட்டிக்கிடக்கும். லேப்டாப்பில் அந்த எழுத்துருவை நிறுவினால் ஒரு நிமிடத்தில் தமிழாகிவிடும். ஐபேடில் எழுத்துரு நிறுவவே தனியாக ஒரு செயலி வேண்டும். நிறுவினாலும் எல்லாச் செயலியும் அதை மதிப்பதில்லை. பிறகு மாற்றிகள்: பழைய குறியாக்கத்தை யூனிகோடாக்கி, யூனிகோடைத் திரும்பப் பழையதாக்கி, போகிற வழியில் 'ஸ்ரீ' உடைந்ததா, மேற்கோள் குறி காணாமல் போனதா என்று சரிபார்த்து... இந்த வேலையை டேபில் செய்து முடித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. புத்தக வடிவமைப்புக்கு இன்டிசைன் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, அது டேபுக்கு வரவே இல்லை.

தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010ல். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஒருவரின் கம்ப்யூட்டர் தேர்வை மூலைக் கடையின் எழுத்துரு தீர்மானிப்பது எரிச்சல்தான். எரிச்சலுக்காக அச்சுக்கூலி குறையப்போவதில்லை.

கணக்கு வழக்கிலும் இதே கூத்து. டேலி ப்ரைம் விண்டோஸில்தான் ஓடும். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனர் ஒருமுறை ஐபேட் வாங்கிவிட்டால் வீட்டிலிருந்தே எல்லாம் பார்த்துக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தார்.

"மாமா, டேலி ரிப்போர்ட்ட பிரவுசர்ல பாக்கலாம்ல?"

"பாக்கலாம் மாப்ள. என்ட்ரி போடணும்ல? டிஎஸ்சி டோக்கன எங்க சொருகுவீங்க?"

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கம்பெனிகளும் எல்எல்பிகளும் ஜிஎஸ்டி ரிட்டர்னில் டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையெழுத்துதான் போடவேண்டும். அந்தக் கையெழுத்து ஒரு யூஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது, அதற்கு டிரைவர் போடவேண்டும், பிரவுசரோடு பேச இன்னொரு சின்னப் புரோகிராமும் ஓடவேண்டும். டேபில் இது ஒன்றும் ஆகாது. தனி உரிமையாளராக மளிகைக் கடையோ தையல் கடையோ நடத்துபவர் ஓடிபி மூலமே ரிட்டர்னை முடித்துவிடலாம் என்பதால் அவருக்கு இந்தத் தடை கிடையாது. மாதச் சம்பளக்காரர் வருமான வரிக் கணக்கை இணையதளத்திலேயே தாக்கல் செய்துவிடுகிறார், டேபிலும் முடியும். எல்லாமே வரிக் கணக்குதான். ஆனால் யார் செய்கிறார் என்பதைப் பொறுத்துக் கருவி மாறுகிறது.

எக்செல் என்றால் ஒரு எச்சரிக்கை. அலுவலகங்களில் யாரோ ஒரு கெட்டிக்காரர் என்றோ எழுதிவைத்த மேக்ரோ என்ற குட்டி நிரலில்தான் பாதிச் சம்பளப் பட்டியல்கள் ஓடுகின்றன. ஐபேட் எக்செலிலும் ஆண்ட்ராய்டு எக்செலிலும் மேக்ரோ ஓடாது. ஃபைல் திறக்கும், எண்கள் தெரியும், பட்டனை அழுத்தினால் அசையாது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வேர்டு, எக்செல் மொபைல் செயலிகளில் இலவசமாகத் திருத்தும் சலுகை 10.1 அங்குலம் வரையுள்ள திரைக்குத்தான். 11 அங்குல ஐபேட் வாங்கினால் வருடாவருடம் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டவேண்டும். லேப்டாப்புகள் பலவற்றில் ஆபீஸ் ஒருமுறை உரிமமாகக் கூடவே வருகிறது; பெட்டியின்மேல் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னதும் டேப் ஒன்றுக்கும் ஆகாது என்று கட்சி கட்டுவதாக நினைக்கவேண்டாம். டேபை முதன்மைக் கம்ப்யூட்டராக வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் தேடவே தேடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் முதல் வரிசை மருத்துவ மாணவர்கள். எம்பிபிஎஸ் பாடநூல்கள் எடையால் முதுகை ஒடிப்பவை. அவற்றின் பிடிஎஃப்கள், பிஜி நுழைவுத் தேர்வுக்கான வகுப்புச் செயலிகள், கேள்வி வங்கிகள் எல்லாம் டேபுக்கென்றே செய்ததுபோல இருக்கும். இடது பாதியில் வீடியோ, வலது பாதியில் குறிப்பேடு. ஆசிரியர் இதயத்தின் படம் போட்டு நிறுத்தும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, திரையைப் படம் பிடித்து, குறிப்பேட்டில் ஒட்டி, அதன்மேலேயே பேனாவால் அம்புக்குறி போட்டு, இரத்தம் போகும் வழியைச் சிவப்பிலும் நீலத்திலும் இழுக்கும் ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வேறுவேறு இடத்திலிருந்து எடுத்த மூன்று படங்களும் அவள் கையெழுத்தும் ஒரே பக்கத்தில் சேர்ந்து, அது அவளுடைய சொந்தப் பாடநூலாகிவிட்டிருந்தது. அந்தப் பக்கத்தை லேப்டாப்பில் மவுஸை வைத்துக்கொண்டு செய்யச் சொன்னால் பொழுது விடிந்துவிடும். அவளுடைய உழைப்பு வேறு யார் கைக்கும் போகவேண்டியதில்லை. தேர்வு நாளன்று அவள் தலைக்குள் இருந்தால் போதும்.

டிஎன்பிஎஸ்சி, யூபிஎஸ்சி படிப்பவர்களுக்கும் இதே நியாயம்தான். சமச்சீர்ப் பாடநூல்கள் எல்லாம் பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. கோடிட்டு, ஓரத்தில் எழுதிப் படிக்கலாம். விண்ணப்பம் போடுவது பிரவுசரில் முடியும். போட்டோவையும் கையெழுத்தையும் அவர்கள் கேட்கும் கிலோபைட் அளவுக்குச் சுருக்குவதுதான் சற்றுப் படுத்தும், அதற்கும் செயலிகள் உண்டு.

ஓவியர்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ப்ரொகிரியேட் ஐபேடில் இருக்கிறது, ஒருமுறை காசு கொடுத்தால் போதும், சந்தா கிடையாது. லேப்டாப்பில் வரைய இதற்கு ஈடாக ஏற்பாடு செய்யவேண்டுமானால் தனியாக ஒரு பேனா டேப்லெட் வாங்கவேண்டும், கண் ஓரிடம் கை ஓரிடம் என்று பழகவேண்டும். கணக்கு டியூஷன் எடுப்பவர்களும் இதே கட்சி. ஒரு சமன்பாட்டைத் தட்டச்சு செய்வதற்குள் பிள்ளை தூங்கிவிடும். பேனாவால் எழுதிக்கொண்டே கூகுள் மீட்டில் காட்டிவிடலாம்.

வழக்கறிஞர்களில் பார்த்தால் நீதிமன்றத்துக்கு எடுத்துச்செல்ல டேப், அறையில் மனு தயாரிக்க லேப்டாப் என்று பிரிந்துவிடுகிறது. ஆயிரம் பக்கக் கட்டைப் புரட்டித் தேடுவதற்கு டேபுக்கு நிகரில்லை. ஜூனியர் தட்டச்சு செய்து, சீனியர் திருத்தி, குமாஸ்தா பக்க எண் போட்டு, இ-ஃபைலிங்கில் ஏற்றும் சங்கிலி வந்ததும் லேப்டாப்தான். ஓய்வுபெற்றவர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் டேப் என்பதில் சந்தேகமே வேண்டாம். வைரஸ் பயம் குறைவு, அப்டேட் ஓடுகிறது காத்திருங்கள் என்று அரைமணி நேரம் உருளும் வட்டமில்லை, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு பேத்தியோடு பேசலாம்.

பொறியியல் படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு டேப் வாங்கித் தராதீர்கள். முதல் செமஸ்டரில் நோட்ஸ் எடுக்க நன்றாக இருக்கும். அதன்பிறகு ஜாவா, மேட்லேப், சாலிட்வொர்க்ஸ் என்று வரும்போது ஹாஸ்டல் நண்பனின் லேப்டாப் எப்போது காலியாகும் என்று காத்துக்கிடப்பான். பிரவுசரில் ஓடும் நிரல் தளங்கள் இருக்கின்றன, ஆண்ட்ராய்டில் நிரல் ஓட்ட டெர்மக்ஸ் என்ற செயலி இருக்கிறது, ஆர்வமுள்ளவன் சமாளிப்பான். சமாளிப்பதற்கே ஆர்வம் செலவாகிவிடும்.

இனி விலை. டேப் மலிவு என்பது பாதி உண்மை. 2025 மார்ச்சில் வந்த அடிப்படை ஐபேடின் விலை இந்தியாவில் 34,900 ரூபாய். ஆப்பிளின் சொந்தக் கீபோர்டு உறை 24,900. பென்சிலில் மலிவானது 7,900. கூட்டினால் 67,700. ஐம்பதாயிரத்தைச் சுற்றி 512 ஜிபி எஸ்எஸ்டியோடு நல்ல விண்டோஸ் லேப்டாப் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியதில் லேப்டாப்பும் ஏறியிருக்கிறது. அதே மார்ச்சில் வந்த எம்4 மேக்புக் ஏர் 99,900. ஐபேட் ப்ரோவும் மேஜிக் கீபோர்டும் சேர்த்து வாங்குபவர் அந்தத் தொகையையும் தாண்டிப் போகிறார்; 13 அங்குலம் என்றால் எடையும் மேக்புக் ஏரின் 1.24 கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இலேசாக இருக்கும் என்றுதானே டேபுக்குப் போனோம்? வேறு கம்பெனிக் கீபோர்டு போட்டால் செலவு வெகுவாகக் குறையும். சாம்சங்கின் எஸ் வரிசை டேப்களில் பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறது, அது ஒரு பெரிய மிச்சம். ஆனால் டேப் விலையை மட்டும் லேப்டாப் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுப்பவர், கீபோர்டு, பேனா, உறை, ஆபீஸ் சந்தா நான்கையும் எழுதிக் கூட்டிவிட்டு ஒப்பிடட்டும்.

மடியில் வைத்து அடிக்கும் சுகமும் கணக்கில் சேரவேண்டும். பின்னால் கால் ஊன்றி நிற்கும் வகை டேப், மேசை இருந்தால் ராஜா. ரயிலில் சைடு லோயரில் சம்மணம் போட்டு மடியில் வைத்தால் பின்பக்கம் மடங்கிக் கவிழும். கையில் பிடித்துப் படிக்கவோ, மேல் பெர்த்தில் மல்லாந்து படுத்துப் பார்க்கவோ, அங்கே டேப்தான் ராஜா. மின்வெட்டு ஊரில் இருப்பவர்களுக்கு டேபில் இன்னொரு நிம்மதி: பவர் பேங்கிலேயே சார்ஜ் ஏறும். குறைந்த விலை விண்டோஸ் லேப்டாப்புகள் விளம்பரத்தில் சொல்லும் நேரத்தில் பாதியாவது நின்றால் சந்தோஷப்படலாம். மேக்புக் ஏரை அந்தக் கூட்டத்தில் சேர்க்கக்கூடாது, அது நாள் முழுக்க நிற்கிறது.

பழுது என்று வந்தால் லேப்டாப்புக்கு ரிச்சி தெரு இருக்கிறது. சென்னை அண்ணா சாலைக்குப் பின்னால் அந்தச் சந்தில், தோள் இடிக்கும் கூட்டத்துக்கு நடுவே, ஸ்டூல் மேல் லேப்டாப்பைக் கவிழ்த்துப்போட்டு ஸ்குரூவை வரிசையாகக் காந்தத் தட்டில் ஒட்டிக்கொண்டே பேசுவார்கள். "ஹார்ட் டிஸ்க்தான்ணே இழுக்குது. எஸ்எஸ்டி போட்டுருவோம், புதுசு மாதிரி ஓடும். ரேம் ஸ்லாட் ஒண்ணு காலியாத்தான் இருக்கு." பேட்டரி, கீபோர்டு, திரை, ஹிஞ்ச் எல்லாவற்றுக்கும் அங்கே பேர் சொன்னால் பொருள் வரும். டேபை நீட்டினால் அதே ஆள் முகத்தைச் சுளிப்பார். முன்கண்ணாடியைச் சூடுபண்ணி, பசையை இளக்கி, உரித்துத்தான் உள்ளே போகவேண்டும். பேட்டரியும் பசையில் உட்கார்ந்திருக்கும். திறப்பதற்குள் திரை விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்ற பேச்சு முதலிலேயே வந்துவிடும். ரேமையோ சேமிப்பையோ கூட்டுவது டேபில் நடக்காத காரியம். சில ஆண்ட்ராய்டு டேப்களில் மெமரி கார்டு போடலாம், அத்தோடு சரி. நியாயமாகச் சொல்லவேண்டுமானால் மெல்லிய புது லேப்டாப்புகளும் அந்த வழிக்கே போகின்றன, மேக்புக்கில் எதையும் கூட்ட முடியாது. விண்டோஸ் லேப்டாப் வாங்குபவர் ரேம் போர்டிலேயே சோல்டர் செய்ததா, ஸ்லாட் உண்டா என்று கேட்டு வாங்கினால் நாலு வருஷம் கழித்துத் தன்னையே பாராட்டிக்கொள்வார்.

ஆயுள் விஷயத்தில் ஐபேடைக் குறைசொல்ல முடியாது. 2014ல் வந்த ஐபேட் ஏர் 2க்கு 2021ன் ஐபேட் ஓஎஸ் 15 வரை புதுப்பிப்பு வந்தது. மலிவு ஆண்ட்ராய்டு டேப்கள் இரண்டு வருஷத்தில் அநாதையாகிவிடும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ல் முழுக்குப் போட்டதால், 2018க்கு முந்தைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாமல் நிற்கின்றன. இருந்தாலும் அவற்றில் லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம். புதுப்பிப்பு நின்ற டேபுக்கு அந்த மறுவாழ்வு கிடைப்பது அபூர்வம்.

இரண்டும் ஒன்றான கலப்பினம் வாங்கினால் என்ன? திரையை முழுக்கப் பின்னால் மடக்கும் லேப்டாப்புகள் லேப்டாப்பாக நன்றாக இருக்கின்றன, டேபாகக் கனக்கின்றன. சர்ஃபேஸ் ப்ரோ உண்மையிலேயே இரண்டு வேலையும் செய்கிறது, விலையும் இரண்டு கருவியின் விலை. அதில் இப்போது வரும் ஸ்னாப்டிராகன் சிப் மாடல்களை வாங்கும் முன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாதாரணப் புரோகிராம்களை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது. அந்தச் சிப்புக்கென்று எழுதிய டிரைவர் இல்லாவிட்டால் பழைய பிரிண்டரும் டிஎஸ்சி டோக்கனும் வேலை செய்யாது. சர்ஃபேஸ் ஆர்டியின் ஆவி இன்னும் முழுசாகப் போகவில்லை.

அறுபதாயிரம் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் பெரும்பாலானோருக்கு நான் சொல்வது வேறு: நிறுவனங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட் போன்ற பழைய லேப்டாப் ஒன்றை, விண்டோஸ் 11க்குத் தகுதியான இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸர் அல்லது அதற்குமேல், வாரண்டி எழுதித் தரும் கடையில் இருபத்தைந்தாயிரத்தை ஒட்டி வாங்குங்கள். மிச்சத்தில் நடுத்தர டேப் ஒன்று. கீபோர்டு வேண்டாம், பேனா மட்டும். கையெழுத்தும் வாசிப்பும் டேபில், ஒப்படைக்கும் வேலை லேப்டாப்பில். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சுமார்தான். சேர்ந்தால் அந்தப் பணத்துக்கு ஒற்றைக் கருவி எதுவும் ஈடாகாது. பையில் எடை கூடும், இரண்டு சார்ஜர் சுமக்கவேண்டும் என்பது உண்மை.

ஒன்றுதான் என்று முடிவாகிவிட்டால், தயங்குபவர்கள் லேப்டாப்புக்கே போகட்டும். தயக்கம் இருக்கிறது என்றாலே யாரோ உங்களிடம் ஏதோ ஒரு ஃபைல் கேட்கப்போகிறார் என்று பொருள். 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பும் உள்ள இருபதாயிரம் ரூபாய்ப் புது லேப்டாப்பை மட்டும் தொடாதீர்கள். அதற்கு டேப் எவ்வளவோ மேல். ஐபேட் என்று முடிவெடுத்த மாணவர்கள் ஜூன் வரை பொறுக்கலாம். அப்போது ஆப்பிளின் கல்லூரிச் சலுகை வருவது வழக்கம், 2025ல் ஐபேட் ஏருக்கும் ப்ரோவுக்கும் துணைக்கருவி ஒன்றை இலவசமாகச் சேர்த்தார்கள். அடிப்படை ஐபேடுக்கு அந்த ஆண்டு அது கிடைக்கவில்லை.